குஷி மஹாலில் நடந்த வீட்டுச் சோதனை

வியாழக்கிழமை மாலை நாலு இருபதுக்குச் செய்தி வந்தது. எங்கள் செக்‌ஷனுக்கு ஒரே ஒரு டெலிபோன். அது சூப்பிரண்டின் மேஜைமேல் இருக்கும். அவர் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"அய்யாசாமியோட தம்பி சத்தியசீலனா?" என்றது மறுமுனை.

"ஆமாம்" என்றேன்.

"நான் அப்பாவு. அவரோட செக்‌ஷன்ல இருக்கேன். மத்தியானம் சாப்பிட்டுட்டு வந்து உக்கார்ந்தாரு. ரெண்டு கவருக்கு நம்பர் போட்டாரு. அப்படியே சாஞ்சுட்டாரு. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே முடிஞ்சுபோச்சு. டெல்லியில நெருங்கின உறவுன்னு ஆபீஸ் ரிக்கார்டுல உங்க பேர்தான் இருக்கு. வீட்டுல நீங்கதான் போய்ச் சொல்லணும்."

"சொல்றேன்" என்றேன்.

எனக்கு அண்ணன் கிடையாது. திருச்சியில் தாமஸ் வாத்தியார் என்றால் நாலு தெருவுக்குத் தெரியும். அவருடைய மூத்த மகன் நான். அய்யாசாமி கோவில்பட்டிக்காரர். சுப்பையா என்பவரின் மகன். அவருக்கு இரண்டு தங்கைகள், தம்பி இல்லை. ஆனாலும் அப்பாவு சொன்னதில் தப்பு எதுவும் கிடையாது. ரிக்கார்டில் அப்படித்தான் இருக்கிறது.

அய்யாசாமி மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் டெஸ்பாட்ச் கிளார்க்காக இருந்தார். வெளியே போகிற ஒவ்வொரு கடிதத்துக்கும் நம்பரும் தேதியும் போட்டு, ரிஜிஸ்டரில் ஏற்றி, அனுப்பிவைப்பது அவர் வேலை. சாயங்காலம் ஐம்பது கடிதம் மிஞ்சிவிட்டால் மற்ற கிளார்க்குகள் எல்லாவற்றுக்கும் அன்றைய தேதியைப் போட்டுவிட்டு மறுநாள் அனுப்புவார்கள். இவர் மட்டும் கடிதம் எந்த நாளில் கட்டடத்தை விட்டு வெளியே போகிறதோ அந்த நாளின் தேதியைத்தான் போடுவார். இதனால் பல செக்‌ஷன்களுக்கு அவர்மேல் மனத்தாங்கல் இருந்தது. ஓர் அதிகாரி அவரைக் கூப்பிட்டு, "அய்யாசாமி, ஒரு நாளில் என்ன வித்தியாசம்?" என்று கேட்டாராம். "ஒரு நாள் வித்தியாசம் சார்" என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

அவர் பொய்யே சொல்லாதவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வாயால் சொல்வதில் அவருக்கு ஆட்சேபம் இருந்ததில்லை. சாப்பிடாமல் வந்து சாப்பிட்டாச்சு என்பார். வீட்டில் இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொல்வார். பேச்சு காற்றோடு போய்விடும் என்பது அவர் கணக்கு. எழுதினது போகாது. எழுத்தில் உண்மையல்லாத ஒரு வரியைத் தான் போட்டதில்லை என்பதை அவர் பெருமையாகச் சொன்னதில்லை. தன் ரத்தம் எந்த குரூப் என்று சொல்வதுபோலச் சொல்வார்.

அரசு வீட்டுக்கு மனுப் போட்டுவிட்டு அவர் பதினோரு வருடம் காத்திருந்தார். அந்தப் பதினோரு வருடமும் கரோல் பாக்கில் ஓர் அறையில் நாலு பேரோடு ஒருவராக இருந்தார். மனைவி தாயம்மாள் கோவில்பட்டியில் இருந்தார். வருடத்துக்கு ஒரு மாதம் இவர் லீவில் போய் வருவார். மூத்த மகள் வள்ளி நாலு வயதுவரை அவரை "டெல்லி மாமா" என்றுதான் கூப்பிட்டாளாம். அவர் திருத்தவில்லை. "வருசத்துல ஒரு மாசம் வாறவன் மாமாதானப்பா" என்றார் என்னிடம்.

1982-இல் சரோஜினி நகரில் வீடு கிடைத்தது. முதல் மாடி, இரண்டு அறை, ஒரு சமையலறை, ஒரு பால்கனி. சாவியை வாங்கிய மறுவாரமே மனைவியையும் வள்ளியையும் சின்னவள் செல்லத்தையும் ரயிலேற்றிக் கூட்டிவந்தார். நான் 1984-இல் அந்த வீட்டின் முன்னறைக்கு வாடகைக்கு வந்தேன். அரசு வீட்டில் வெளியாரைக் குடிவைப்பது குற்றம். பிடிபட்டால் வீடு போய்விடும். மறுபடி ஐந்து வருடத்துக்கு மனுப் போட முடியாது. வெளியே வாடகைக்கு எடுக்கிற சம்பளம் இல்லை. அதாவது, பிடிபட்டால் தாயம்மாளும் பெண்களும் கோவில்பட்டிக்குத் திரும்பிப் போக வேண்டும், அய்யாசாமி மறுபடி டெல்லி மாமா ஆக வேண்டும். இது தெரிந்தும் அவர் என்னை வைத்துக்கொண்டார். ஊரில் தங்கைகள் இருவருக்கும் இன்னும் கல்யாணம் ஆகவில்லை. தவிர, எங்கள் காலனியில் எனக்குத் தெரிந்து பாதி வீடுகளில் இப்படி ஒரு முன்னறை இருந்தது.

வந்த அன்றே எனக்கு விதியைச் சொல்லிவிட்டார். "மிஸ்டர் சத்தியசீலன், யாராச்சும் வாயால கேட்டா என் தம்பின்னு சொல்லிருங்க. எழுதிக் கேட்டா ஒண்ணும் சொல்லாதீங்க, எங்கிட்ட அனுப்புங்க."

"சரி சார்" என்றேன்.

இரண்டு வருடம் அவர் என்னை மிஸ்டர் சத்தியசீலன் என்றும், நான் அவரைச் சார் என்றும் கூப்பிட்டுக்கொண்டு ஒரே குளியலறையைப் பயன்படுத்தினோம்.

வெளியார் யாரும் குடியிருக்கிறார்களா என்று சோதனை வரப்போகிற செய்தி காலனிக்குப் பால் பூத் வழியாகத்தான் வரும். விடிகாலையில் தூக்குப் பாத்திரத்தோடு நிற்பவர்களில் யாராவது ஒருவருக்கு வீடு ஒதுக்கும் அலுவலகத்தில் மச்சான் இருப்பான். 1986 ஜூனில் ஒரு சனிக்கிழமை. மத்திய அரசுக்கு வாரம் ஐந்து நாள் வேலை என்று ஆகி ஒரு வருடம் ஆகியிருந்தது. சனிக்கிழமை எல்லோரும் வீட்டில் இருப்பார்கள் என்பதால் சோதனையை அன்றைக்கு வைத்திருந்தார்கள். தாயம்மாள் பாலை வாங்கி வந்து, பாத்திரத்தைக் கீழே வைக்காமலே சொன்னார்.

"இன்னைக்கு நம்ம பிளாக்காம். ரெண்டு மணிக்கு மேல வாறாகளாம்."

"யாரு வாறாக?"

"மல்ஹோத்ராவாம். சாவி குடுத்தாரே, அவருதான்."

அய்யாசாமி சவரம் செய்துகொண்டிருந்தார். ஒரு பக்கம் மழித்த முகத்தோடு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தம்பிய மட்டும் எங்கயாச்சும் அனுப்பிருவோம். எல்லா வீட்டுலயும் அப்படித்தான செய்யுதாக" என்றார் தாயம்மாள்.

"அவரு பெட்டி படுக்கை?"

"நம்மதுன்னு சொல்லுவோம்."

"வாயால சொல்லலாம். அவரு ஃபாரத்தை நீட்டி, இந்த வீட்டுல யார் யாரு இருக்கான்னு எழுதிக் கையெழுத்துப் போடுன்னா?"

தாயம்மாள் பால் பாத்திரத்தைக் கீழே வைத்தார். கணவரை அவருக்குத் தெரியும்.

அய்யாசாமி மறு பக்கத்தையும் மழித்து முடித்துவிட்டு வந்து முடிவைச் சொன்னார். "எல்லாருமா வீட்டைப் பூட்டிட்டுக் கெளம்பிருவோம். பூட்டின வீட்டுல வந்து அவரு என்ன எழுதுவாரு? பூட்டியிருந்ததுன்னு எழுதுவாரு. அது உண்மைதான?"

எங்கே போவது என்று பேச்சு வந்தது. ஜூன் மாத டெல்லியில் பகல் இரண்டு மணிக்கு வெளியே நிற்க முடியாது; அனல்காற்று வீசும். கோயில் நடை சாத்தியிருக்கும். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் ஏன் வந்தோம் என்று சொல்ல வேண்டும். கரோல் பாக்கில் புதிதாகத் திறந்திருக்கிற குஷி மஹாலுக்குப் போகலாம் என்று வள்ளி சொன்னாள். அவள் வகுப்பில் எல்லோரும் போய்விட்டார்களாம். உள்ளே முழுக்க ஏ.சி.யாம். ஏ.சி. என்றதும் அய்யாசாமி ஒத்துக்கொண்டார். வீட்டு ஒதுக்கீட்டு ஆணையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பஸ் ஸ்டாப்பில் எங்கள் பிளாக்கின் மற்ற தம்பிகளும் மச்சான்களும் சித்தி பையன்களும் பெட்டி படுக்கையோடு நின்றிருந்தார்கள். யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை. கண்டக்டர் மட்டும் எங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இன்ஸ்பெக்‌ஷனா?" என்று கேட்டபடி டிக்கெட் கிழித்தார்.

குஷி மஹால் ஒரு துணிக்கடைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. படி இறங்கினால் ஒரே சத்தம். வரிசையாக வீடியோ கேம் பெட்டிகள். பலூன் சுடும் துப்பாக்கி. சிரிப்புக் கண்ணாடிகள். எலும்புக்கூடு எட்டிப் பார்க்கும் ஒரு குட்டி ரயில். நடுவில் கம்பித் தடுப்புக்குள் டாஷிங் கார். எதற்கும் பித்தளை டோக்கன் போட வேண்டும்.

அய்யாசாமி சுவரில் இருந்த அறிவிப்புகள் எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டுக் கவுன்ட்டருக்குப் போய், உள்ளே எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று விசாரித்தார். கையில் டோக்கன் இருக்கிறவரை இருக்கலாம் என்றான் கவுன்ட்டரில் இருந்தவன். அவர் டோக்கன் வாங்கி வந்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார்.

"யாரும் இதைப் போட்டுறக் கூடாது. இது உள்ள இருக்கிறதுக்கு" என்றார்.

"அப்போ விளையாடறதுக்கு?" என்றாள் வள்ளி.

"மத்தவுக விளையாடுறதைப் பாரு."

"அப்பா, யே க்யா பாத் ஹுயி!" என்றாள் செல்லம். இது என்ன நியாயம் என்று பொருள். அவளுக்குக் கோபம் இந்தியில்தான் வரும்.

ஏ.சி. காற்று நேராக விழுகிற ஒரு பெஞ்சைத் தாயம்மாள் கண்டுபிடித்தார். வெளிச் சாப்பாடு கூடாது என்று எழுதியிருந்ததால், கொண்டுவந்திருந்த தயிர்சாதத்தைச் சிரிப்புக் கண்ணாடிக்குப் பின்னால் ஒவ்வொருவராகப் போய்ச் சாப்பிட்டோம். தாயம்மாள் கடைசியாகச் சாப்பிட்டுவிட்டு வரும்போது, ஆளை அகலமாகக் காட்டுகிற கண்ணாடி முன்னால் நின்றுவிட்டார்.

"இங்க வந்து பாருங்களேன். நான் எங்க பெரியக்கா மாதிரியே இருக்கேன்."

"இதை லெட்டர்ல எழுதிறாத" என்றார் அய்யாசாமி.

அடுத்த கண்ணாடியில் அவர் உருவம் குச்சியாக, தலை மட்டும் பூசணிக்காயாகத் தெரிந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆபீஸ்ல நான் இப்படித்தான் இருப்பேன்" என்றார். அவர் வேடிக்கையாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இரண்டு மணி ஆயிற்று. இந்நேரம் மல்ஹோத்ரா படியேறியிருப்பார் என்றார். இரண்டரைக்கு, பூட்டைப் பார்த்திருப்பார் என்றார். மூன்றடிக்கும்போது அவர் முகம் தெளிந்துவிட்டது. குழந்தைகளைப் பார்த்து, "சரி, டோக்கனைப் போட்டுருவோம். டாஷிங் கார் ஒரு ரவுண்டு. அப்புறம் வீடு" என்றார். தாயம்மாள் தன் டோக்கனைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டு, வெளியிலேயே நின்று பார்ப்பதாகச் சொல்லிவிட்டார்.

அய்யாசாமியும் செல்லமும் ஒரு பச்சை வண்டியில் ஏறினார்கள். நானும் வள்ளியும் ஒரு மஞ்சள் வண்டியில். மணி அடித்தது, வண்டிகள் நகர்ந்தன. எதிர் மூலையிலிருந்து ஒரு சிவப்பு வண்டி வந்தது. அதில் கூலிங் கிளாஸ் போட்ட ஒருவர் ஐந்து வயதுப் பையனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அய்யாசாமி ஸ்டியரிங்கை விட்டுவிட்டார். அவர் கண் போன திசையைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. அது மல்ஹோத்ரா.

பச்சை வண்டி நேராகப் போய்ச் சிவப்பு வண்டியில் மோதியது.

"சாரி சார்" என்றார் அய்யாசாமி.

தப்பிக்க நினைத்து ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தார். டாஷிங் காரில் அப்படி ஒடித்தால் வண்டி வட்டமடித்துக் கிளம்பிய இடத்துக்கே வரும். வந்தது. மோதியது. "சாரி சார்." மறுபடி ஒடித்தார். நான் பின்னாலேயே போய், "சார், லெஃப்ட் சார்! சார், காலை எடுங்க சார்!" என்று கத்தினேன். மூன்று நிமிட ரவுண்டில் அய்யாசாமி தன் வீட்டு இன்ஸ்பெக்டரை ஏழு முறை மோதினார். மல்ஹோத்ராவின் பையன் ஒவ்வொரு தடவையும் கைதட்டினான்.

மின்சாரம் நின்றது. இறங்கி வெளியே வந்தால் மல்ஹோத்ரா, மனைவி, மாமியார், இரண்டு பையன்கள் எல்லோரும் கோல்ட் டிரிங்க் கடைப் பக்கம் நின்றிருந்தார்கள். பார்க்காததுபோலப் போய்விடலாம் என்று அய்யாசாமியின் கையைப் பிடித்தேன். அவர் அசையவில்லை.

"பூட்டியிருக்கிறதைப் பார்த்துட்டு நம்மளைத் தேடி இங்கயே வந்துட்டாரு" என்றார் தமிழில், மெதுவாக.

"சார், அவர் குடும்பத்தோட வந்திருக்கார் சார்."

"சாட்சிக்குக் கூட்டிட்டு வந்திருப்பாரு."

அதற்குள் மல்ஹோத்ராவே எங்களிடம் வந்துவிட்டார். கூலிங் கிளாஸைக் கழற்றினார். "சரோஜினி நகர், முதல் மாடி. உங்களுக்குச் சாவி நான்தான் கொடுத்தேன்" என்றார் இந்தியில். அய்யாசாமி சட்டைப் பையிலிருந்து ஒதுக்கீட்டு ஆணையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். மல்ஹோத்ராவின் ஒரு கையில் பாட்டிலும் மறு கையில் பையனும் இருந்ததால் அவர் வாங்கவில்லை.

"இது யார்?" என்று பாட்டிலால் என்னைக் காட்டினார்.

வாயால் சொல்ல வேண்டிய பொய். அய்யாசாமி எத்தனையோ தடவை சொன்னதுதான். வாயைத் திறந்தார், குரல் வரவில்லை.

"சாச்சா" என்றாள் செல்லம். சித்தப்பா என்று பொருள். வீட்டில் அவள் என்னை அங்கிள் என்றுதான் கூப்பிடுவாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவள் கண் முழுக்கக் கோல்ட் டிரிங்க் பாட்டில்மேல் இருந்தது.

"சாச்சாவா? இவர் உங்கள் தம்பியா? அப்படியானால் ஏன் சார் சார் என்று கத்தினார்? நான் எண்ணிக்கொண்டே இருந்தேன்" என்றார் மல்ஹோத்ரா.

தமிழில் நான் வேறு எதைக் கத்தியிருந்தாலும் அவருக்குப் புரிந்திருக்காது.

இப்போது தாயம்மாள் முன்னால் வந்தார். அவருடைய இந்தி காய்கறிச் சந்தையில் கற்றது. அதில் ஆண்பால் பெண்பால் கிடையாது, நேற்று நாளை கிடையாது, பயமும் கிடையாது. "ஹமாரா முலுக் மே" என்று தொடங்கினார். எங்கள் ஊரில் தம்பிகள் அண்ணனுக்குப் பயப்படுவார்கள், பெயர் சொல்ல மாட்டார்கள், அண்ணன் சர்க்கார் உத்தியோகம் என்றால் சார் என்றுதான் சொல்ல வேண்டும், சொல்லாத தம்பிக்கு அந்த வீட்டில் சோறு கிடையாது என்றார். நான் என் வாழ்க்கையில் கேள்விப்படாத வழக்கம் அது.

மல்ஹோத்ராவின் மனைவி கணவரைப் பார்த்துத் திரும்பினார். "கேட்டீர்களா? உங்கள் தம்பி போன வாரம் உங்களை என்ன வார்த்தை சொன்னான்?"

"அதை இங்கே பேச வேண்டாம்" என்றார் மல்ஹோத்ரா.

இத்தோடு முடிந்திருக்கும். அய்யாசாமிக்குக் குரல் திரும்பி வந்ததால் முடியவில்லை. அவர் மிகுந்த மரியாதையோடு, "சார், சோதனை எத்தனை மணிக்கு? நாங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். இப்போது கிளம்பட்டுமா?" என்று கேட்டார். அவர் உண்மையாகத்தான் கேட்டார். மல்ஹோத்ரா அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. தான் சோதனைக்குப் போகாததைக் குத்திக்காட்டுவதாக நினைத்துவிட்டார்.

"சோதனை நடந்துகொண்டிருக்கிறது" என்றார்.

"எங்கே சார்?"

"உங்கள் வீட்டில்."

பையனை இறக்கிவிட்டு, மனைவியின் கைப்பையிலிருந்து ஒரு கட்டுப் படிவங்களை எடுத்தார். எங்கள் பிளாக்கில் பதினாலு வீடுகளுக்கு, பூட்டியிருந்தது என்று ஏற்கெனவே எழுதி முடித்திருந்தார். கோல்ட் டிரிங்க் கடை மேடையில் வைத்து எங்கள் வீட்டுப் படிவத்தை நிரப்பத் தொடங்கினார்.

"சார், அதேபோல எங்கள் வீட்டுக்கும் பூட்டியிருந்தது என்று எழுதிவிடுங்கள். அது உண்மைதான்" என்றார் அய்யாசாமி.

மல்ஹோத்ரா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "மற்றவர்கள் என்னை இங்கே பார்க்கவில்லை. நீங்கள் பார்த்துவிட்டீர்கள். நாளைக்கு யாராவது கேட்டால் நீங்கள் உண்மையைச் சொல்வீர்கள். உங்கள் முகம் அப்படி. ஆகவே நீங்கள் வீட்டில் இருந்தீர்கள். நானும் உங்கள் வீட்டில் இருந்தேன். டீ கொடுத்தீர்கள்."

"காபி" என்று திருத்தினார் தாயம்மாள்.

மல்ஹோத்ரா எழுதி முடித்துப் படிவத்தை நீட்டினார். பிற்பகல் மூன்று பத்து. வீட்டுக்காரர், மனைவி, இரு மகள்கள், தம்பி ஆகியோர் வீட்டில் இருந்தனர். வெளியார் எவரும் இல்லை. கீழே கையெழுத்துக்கு இடம்.

அய்யாசாமி அதை இரண்டு தடவை படித்தார். பேனாவைத் திறந்தார், மூடினார். கையெழுத்துப் போடாவிட்டால் மல்ஹோத்ரா வேறொரு படிவம் எழுதுவார்; அதில் நான் தம்பியாக இருக்க மாட்டேன். அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. டாஷிங் காரில் அடுத்த ரவுண்டு மணி அடித்தது.

"இதுல ஒரு வரிகூட நெசம் இல்ல தாயி" என்றார்.

"நானும் பிள்ளைகளும் நெசம்தான?" என்றார் தாயம்மாள். "போடுங்க. பதினோரு வருசம் ஒத்தையில கெடந்தது போதும்."

போட்டார். தேதியும் போட்டார். மல்ஹோத்ரா படிவத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, ரேஷன் கார்டில் தம்பி பெயர் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றோம். பதினைந்து நாளில் சேர்த்து ஒரு நகல் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள், ஃபைல் சுத்தமாக இருக்கும் என்றார். பிறகு இரண்டு பெண்களுக்கும் கோல்ட் டிரிங்க் வாங்கிக் கொடுத்தார்.

 அய்யாசாமி திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு ரேஷன் ஆபீசுக்குப் போனார். சத்தியசீலன், வயது இருபத்தாறு, உறவு சகோதரர், தகப்பனார் சுப்பையா. என் பெயரில் மதம் தெரியாதது வசதியாகப் போயிற்று. திருச்சியில் இருந்த என் அப்பாவுக்கு நான் விவரம் எழுதினேன். "நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன். இருந்தாலும் திரு. சுப்பையா அவர்களுக்கு என் வணக்கத்தைத் தெரிவிக்கவும்" என்று பதில் போட்டிருந்தார்.

அந்த வாரம் ஒரு மாலை நான் தாமதமாக வீட்டுக்கு வந்தேன். அய்யாசாமி கதவைத் திறந்தார்.

"ஏலே சீலா, மணி என்ன ஆகுது? எங்க போயிருந்த?"

எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

பிறகு தாயம்மாள்தான் எனக்கு விளக்கினார். எழுதினதை இனி அடிக்க முடியாதாம். அடிக்க முடியாததை உண்மையாக்கிவிட வேண்டியதுதான் என்று அவர் தீர்மானித்திருக்கிறாராம். மறுமாதம் வாடகை வாங்க மறுத்துவிட்டார். நான் அதைத் தாயம்மாள் மதினியிடம் கொடுத்தேன்; மதினி அவரிடம் சொல்லவில்லை. மதினி என்ற சொல்லும் அப்போதுதான் வந்தது. அண்ணாச்சி என்று சொல்ல எனக்கு இரண்டு மாதம் ஆனது. இடையிடையே சார் வந்துவிடும். எனக்கு டைபாய்டு வந்தபோது ஒரு வாரம் லீவு போட்டார். என் தலைமுடி நீளம் என்று சண்டை பிடித்தார். எனக்குப் பெண் பார்த்தபோது கோவில்பட்டி போகிற வழியில் திருச்சியில் இறங்கி, பெண் பிலோமினாவின் வீட்டில் ஒன்றரை மணி நேரம் விசாரித்துவிட்டு, "நர்ஸ் வேலை. நைட் டூட்டி இருக்கும். உனக்குச் சமைக்கத் தெரியணும். பழகிக்கோ" என்று எழுதினார். என் கல்யாணத்தன்று மாதா கோயிலில் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் எழுந்து நின்று ஒரு நொடி கழித்து எழுந்தார். எல்லோரும் உட்கார்ந்து ஒரு நொடி கழித்து உட்கார்ந்தார். ஆபீஸ் ரிக்கார்டில் என் பெயரை அவர் எழுதிக் கொடுத்தது அந்த வருடம்தான், 1988.

டெலிபோன் வந்த மறுநாள், வெள்ளிக்கிழமை, தகனம். கோவில்பட்டியிலிருந்து தங்கை மாப்பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைதான் வந்து சேர முடியும். கொள்ளி யார் வைப்பது என்று பண்டிட் கேட்டார். "தம்பி இருக்கான்ல" என்றார் மதினி, அழாமல். பிலோமி என் சட்டையை வாங்கிக்கொண்டாள். ரிஜிஸ்டரில் இறந்தவருக்கு என்ன உறவு என்று கேட்டு எழுதிக்கொண்டு, என் பக்கம் திருப்பிவைத்தார்கள். கையெழுத்துப் போட்டேன். வள்ளி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டை இன்னும் சில மாதம் வைத்துக்கொள்ளலாம், பிறகு சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அப்பாவு சொன்னார். மதினி ஊருக்குப் போய்விடுவார் போலிருக்கிறது.

கல்யாணத்துக்குப் பிறகு நானும் பிலோமியும் யமுனைக்கு அக்கரையில் வீடு எடுத்தோம். அவளுடைய ஆஸ்பத்திரிச் சான்றிதழை வைத்துப் புது ரேஷன் கார்டு வாங்கினோம். அதிலும் என் பெயர் இருந்தது. இது தெரிந்த நாளிலிருந்து அண்ணாச்சிக்கு நிம்மதி போய்விட்டது. ஒரே ஆள் இரண்டு கார்டில் இருந்தால் ஏதோ ஒன்று பொய் என்றார். ரேஷன் ஆபீசில் பெயர் நீக்கும் படிவம் வாங்கி, தன் கையால் நிரப்பி, இரண்டு பஸ் மாறி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"ஒரு கையெழுத்துதாம்ல. போட்டுக் குடு, நான் போற வழியில குடுத்துருதேன்."

"அடுத்த வாரம் நானே கொண்டு வர்றேன் அண்ணாச்சி" என்றேன்.

ஏப்ரலில் கேட்டார். ஜூலையில் கேட்டார். தீபாவளிக்குப் போயிருந்தபோது, இலையில் உட்கார்ந்துகொண்டே கேட்டார். "ஏலே, அந்த ஃபாரம் என்னாச்சு?"

"இந்த வாரம் அண்ணாச்சி" என்றேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அண்ணாச்சியின் கார்டில் என் பெயர்மேல் சிவப்பு மையால் ஒரு கோடு போடுவார்கள்.

படிவம் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. குடும்பத் தலைவர் கையெழுத்து என்ற இடத்தில் அவர் போட்டிருக்கிறார், தேதி 11-2-1989. பெயர் நீக்கப்படுபவர் கையெழுத்து என்ற இடத்தில் இன்னும் எதுவும் இல்லை.